நாற்காலியும் கணக்கும்

உலகத்தார் பந்தைப் பார்க்கிறார்கள். பந்தை உதைக்கும் காலைப் பார்க்கிறார்கள். அந்தப் பந்து இன்ன தேதியில், இன்ன திடலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே உருள வேண்டுமென்று எழுதி வைத்த கையைப் பார்ப்பவர் அரியர். காணப்படாத அந்தக் கையைப் பற்றியே இவ்வாரம் நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இதற்குக் காரணமாயிருந்தது உலு திராமில் நாம் கேட்க நேர்ந்த ஒரு சம்பாஷணை.

உலு திராம், ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளதென்பதை நமது வாசகர்களிற் பலர் அறிவார்கள். தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வூரில் இன்று வீடமைப்புப் பகுதிகள் வரிசை வரிசையாக எழும்பியிருக்கின்றன. லயத்து வாசலிலே பந்தாடிய பிள்ளைகள் இன்று நரைத்த தலையோடு திடலோரத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், தம் மகளைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்டார். அப்பெண் பள்ளிப் படிப்பை முடித்தவள். ஊர்ப் பிள்ளைகளின் பந்தாட்டக் கழகத்துக்குச் சந்தாக் கணக்கு எழுதி வருபவள். விளையாட்டு நிர்வாகம் பயின்று, ஒரு நாள் லீக் நடத்தும் காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்க வேண்டுமென்பது அவள் விருப்பம்.

தந்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஐயா, நான் இருபது வருஷம் தோட்டத்து டீமில் ஆடினவன். உதைக்கிறவனுக்குப் பேருண்டு, விசில் ஊதுகிறவனுக்கு ஏச்சாவது உண்டு, எழுதுகிறவனுக்கு என்ன உண்டு? அதிலும் பெண்பிள்ளைக்கு?" என்றார்.

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் மறுத்தார். "அப்படிச் சொல்லாதே, தம்பி. நம்ம பிள்ளை ஒன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நம்ம பையன்களுக்கெல்லாம் வழி பிறந்துவிடும். நம்மவள் நம்மைப் பார்க்கமாட்டாளா, என்ன?"

பெண் ஒன்றும் பேசவில்லை. கணக்கு நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

இவ்விருவர் பேச்சிலும் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஆட்டத்தை ஆடாமல் அதை நடத்துவது மதிக்கத்தக்க தொழில்தானா என்பது ஒன்று. நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியை அடைந்துவிட்டால் நமது ஆசை நிறைவேறியதாகுமா என்பது மற்றொன்று. முதலாவது எளிதாகத் தோன்றும். இரண்டாவதே நம்மை உறுத்துவது. இரண்டையும் முறையே ஆலோசிப்போம்.

லீக் என்ற ஏற்பாடு எவ்வாறு பிறந்ததென்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. 1885-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது அனுமதிக்கப்பட்டது. அதன்பின் கழகங்களுக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. சம்பளமோ வாராவாரம் கொடுத்தாக வேண்டும், ஆட்டமோ நிச்சயமில்லை. இன்ன சனிக்கிழமை வருகிறோமென்று சொன்ன கோஷ்டி வராமலிருந்துவிடும். வேறு பெரிய ஆட்டம் கிடைத்தால் பழைய வாக்கைக் கைவிட்டுவிடும். திடலுக்கு வந்த ஜனங்கள் திரும்பிப் போவார்கள். வாயில் வசூலில்லாத வாரத்தில் ஆட்டக்காரனுக்கு எங்கிருந்து கூலி கொடுப்பது? இதைக் கண்டு வருந்தியவர் வில்லியம் மக்ரெகர் என்பவர். அவர் பர்மிங்காம் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகத்திலிருந்தவர். 1888-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சில கழகங்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றோடும் குறித்த தேதியில் தவறாமல் ஆடுவதென்று ஒப்பந்தம் செய்துகொள்வோம் என்பதே அதன் சாரம். அவ்வருஷமே 12 கழகங்கள் சேர்ந்து லீக் அமைத்தன. உலகத்தில் இன்று நடக்கும் காற்பந்து லீக்குகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

வாசகர்கள் இதிலுள்ள பொருளை உற்று நோக்க வேண்டும். லீக் என்பது கோப்பைக்காகப் பிறந்ததன்று, புகழுக்காகப் பிறந்ததுமன்று. சொன்ன தேதியில் ஆட்டம் நடந்தால்தான் உழைத்தவனுக்கு உரிய கூலி போய்ச் சேரும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. அது ஒரு வாக்குறுதி. லீக்கின் அதிகாரி அந்த வாக்குறுதியின் காவலாளி. அட்டவணை வகுத்தல், ஆட்டக்காரரைப் பதிவு செய்தல், கழகங்களின் வரவு செலவைப் பரிசோதித்து உரிமம் வழங்குதல், நடுவர்களை நியமித்தல், ஒளிபரப்பினால் வரும் பணத்தைப் பங்கிடுதல், விதி மீறியவரை விசாரித்தல் ஆகிய அவருடைய வேலைகள் அனைத்தும் அந்தக் காவலின் பகுதிகளே.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. காலையிலே பெரட்டுக் களத்தில் நின்றவர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்று செக்ரோலில் பதிகிற கிராணியின் பேனாவை நாம் அறிவோம். மரம் சீவியது தொழிலாளியின் கை. ஆனால் அந்த நாள் கூலி நாளா அல்லவா என்று தீர்மானித்தது பேனா. நேர்மையான கிராணியிருந்த தோட்டத்தில் ஏழையின் அடுப்பு எரிந்தது. மற்ற இடத்தில் என்ன எரிந்ததென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பேனாவுக்குப் பேரில்லையென்று உலு திராம் அன்பர் சொல்வது மெய்தான். ஆனால் பேரில்லாத அதற்குப் பலம் உண்டு. பேரில்லாத பலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கம் அதிகமாக வேண்டும்.

இனி, இத்தகைய நாற்காலிகளை அடைந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்ப்போம்.

மக்ரெகர் ஜவுளி வியாபாரி. ஜப்பானில் 1993-ம் வருஷம் தொடங்கிய ஜே லீக்கின் முதல் தலைவர் சபுரோ கவபுச்சி, ஃபுருகாவா மின்சாரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 1964-ம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்தவர். அதுவரை அந்நாட்டுக் கோஷ்டிகள் பெரும்பாலும் கம்பெனிகளின் உடைமையாய், கம்பெனிகளின் பெயரையே தாங்கியிருந்தன. கழகம் ஊருக்குரியது, ஆகையால் ஊர்ப் பெயரையே தாங்க வேண்டுமென்று அவர் பிடிவாதமாயிருந்தார். செல்வாக்குள்ள முதலாளிகளின் கோபத்துக்கும் அவர் அஞ்சவில்லை. ஃபாத்மா சமூரா என்ற செனகல் நாட்டு மாது, ஐக்கிய நாடுகள் சபையின் உணவுத் திட்டத்திலும் வளர்ச்சித் திட்டத்திலும் இருபதாண்டுகளுக்கு மேல் பணி செய்து, 2016-ம் வருஷத்தில் ஃபிஃபாவின் பொதுக் காரியதரிசியானார். அப்பதவியை வகித்த முதற்பெண்மணி அவரே. 2023 வரை அதில் இருந்தார். பெண்பிள்ளைக்கு இதில் என்ன உண்டு என்று கேட்பவர்களுக்கு இவ்வொரு பெயரே விடையாகும்.

நமது நாட்டிலேயே நமக்கு நெருங்கிய உதாரணமொன்று உண்டு. பீட்டர் வேலப்பன் 1935-ம் வருஷம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த சிலியாவ் என்ற சிற்றூரில், இந்தியர் சமூகத்திலே பிறந்தவர். முதலில் ஆசிரியர், பின்பு மலேசியக் காற்பந்துச் சங்கத்தில் நிர்வாகம் பழகினார், 1978-ம் வருஷத்தில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுக் காரியதரிசியாகி, 2007 வரை, ஏறக்குறைய 29 வருஷம் அப்பதவியில் இருந்தார். 1954-ல் மணிலாவில் 12 நாடுகள் கூடித் தொடங்கிய அக்கூட்டமைப்பில் இன்று 47 சங்கங்கள் உள்ளன. ஆசியாவின் பெருங்கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 2002-ல் உருவானதும், வளர்ந்து வரும் நாடுகளின் கழகங்களுக்காக 2004-ல் ஏ.எஃப்.சி. கிண்ணம் ஏற்பட்டதும், 2006-ல் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்ததும் அவர் காரியதரிசியாயிருந்த காலத்திலேயே. அந்த ஏ.எஃப்.சி. கிண்ணத்தை 2015-ம் வருஷத்தில் ஜொகூர் டாருல் தாக்ஸிம் கோஷ்டி வென்றபோது உலு திராமில் வெடித்த மகிழ்ச்சியை அவ்வூரார் இன்னும் மறக்கவில்லை. அவ்வெற்றியில் ஆட்டக்காரரின் கால் இருந்தது. அப்போட்டி என்ற ஒன்றே இருந்ததற்குச் சிலியாவில் பிறந்த ஒருவரின் எழுத்து வேலையும் காரணமாயிருந்தது. வேலப்பன் 2018-ம் வருஷம் காலமானார்.

அவருக்குப் பின்னும் வழி அடைபட்டுவிடவில்லை. மலேசிய லீக்கை நடத்துவதற்கென 2015-ம் வருஷத்தில் தனி அமைப்பு ஏற்பட்டபோது, அதன் தலைமை நிர்வாகியாக கெவின் ராமலிங்கம் இருந்தார். தேசியச் சங்கத்தின் பொதுக் காரியதரிசியாயிருந்த ஸ்டூவர்ட் ராமலிங்கமும் பின்னர் அந்த லீக்கின் தலைமை நாற்காலியில் அமர்ந்தார்.

வியாபாரி, ஆட்டக்காரர், உணவு வழங்கும் உத்தியோகஸ்தர், பள்ளி ஆசிரியர் என இவர்கள் வந்த பாதைகள் வேறு வேறு. பந்தை உதைத்தவர்தாம் வர முடியுமென்ற நியதி எங்கும் இல்லை. இக்காலத்தில் சட்டம், கணக்கு, விளையாட்டு நிர்வாகம் ஆகியவற்றைப் பயின்றவர்களும் அதே வாசலில் நுழைகிறார்கள். பல பாதைகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: பெரிய இடத்துக்கு வருமுன் சிறிய இடத்தில் பிறருக்காகக் காரியம் பார்த்துப் பழகியிருத்தல். ஆகையால் முதற் கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. தொழில் மதிக்கத்தக்கதே. தந்தை தயங்க வேண்டியதில்லை.

ஆனால் மதிக்கத்தக்க தொழில் என்பதனாலேயே அதைச் செய்கிறவரெல்லாம் மதிக்கத்தக்கவராகிவிடுவதில்லை. பேனா தவறினால் யார் அடிபடுகிறார்கள் என்பதை வரலாறு காட்டுகிறது.

இங்கிலாந்து லீக் தோன்றியது ஆட்டக்காரனின் கூலிக்காக என்றோம். அதே லீக் காலப்போக்கில் அவன் காலுக்கே விலங்காயிற்று. ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் சம்மதியாவிட்டால் ஆட்டக்காரன் வேறிடம் போக முடியாது. எவ்வளவு திறமையிருந்தாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் சம்பளமில்லை என்ற உச்சவரம்பும் இருந்தது. அவ்வரம்பு 1961-ம் வருஷத்தில் நீங்கியது. ஆட்டக்காரனைப் பிடித்து வைக்கும் முறை நியாயமற்றதென்று, ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் தொடுத்த வழக்கில் 1963-ம் வருஷம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் படிக்கும்போது இலங்கைத் தோட்டங்களிலிருந்த துண்டு முறை நமக்கு நினைவு வராமலிராது. கடன் தீர்ந்ததென்று துண்டு எழுதிக் கொடுத்தாலொழிய ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. 1921-ம் வருஷத்தில்தான் அது ஒழிந்தது. ஒரு தேசத்தில் தேயிலைத் தோட்டம், மற்றொரு தேசத்தில் பச்சைப் புல்திடல். பூட்டு மட்டும் ஒன்றே.

மலேசியாவில் 1989-ல் பாதித் தொழில்முறையாகத் தொடங்கிய லீக், 1994-ல் முழுத் தொழில்முறை ஆயிற்று. அதே சமயத்தில் சூதாட்டக்காரரின் லஞ்சம் அம்பலமாகி, 1994-95-ம் வருஷங்களில் 100-க்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டு, 50-க்கு மேற்பட்டவர் தடை செய்யப்பட்டனர். லஞ்சம் வாங்கிய காலை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் தண்டனைப் பட்டியலை நோக்கினால் அதில் பெரும்பாலும் ஆட்டக்காரர் பெயர்களே இருக்கின்றன. 2025-ம் வருஷம் செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்து மலேசியாவுக்காக ஆடிய ஏழு பேருடைய பாட்டன் பாட்டியர் பிறப்புச் சான்றுகள் போலியானவை என்று கூறி, ஃபிஃபா அவ்வெழுவருக்கும் தேசியச் சங்கத்துக்கும் தண்டனை விதித்தது. சங்கம் மறுத்து மேல்முறையீடு செய்தது. அவ்வழக்கின் நியாய அநியாயத்துள் நாம் புகவில்லை. பிழை நேர்ந்த இடம் காகிதம், ஆனால் ஓராண்டுத் தடை விழுந்தது ஆட்டக்காரர் தலையில் என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

சம்பளப் பாக்கியோ இந்நாட்டுக் கழகங்களில் வருஷந்தோறும் கேட்கும் முறையீடாகிவிட்டது. கெடா கோஷ்டியின் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்காகச் சம்பளமின்றித் தவித்ததும், அக்கழகத்துக்கு உரிமம் மறுக்கப்பட்டதும், 2025-ம் வருஷத்தில் பேராக், ஸ்ரீ பகாங் கோஷ்டிகள் லீக்கிலிருந்து விலகியதும் பத்திரிகை படிப்போர் அறிந்தவையே. கூலி கொடுப்பதற்காகப் பிறந்த ஏற்பாட்டில் கூலியே கிட்டாமற் போவது எத்தகைய வீழ்ச்சி! பாக்கி வைத்த கழகத்துக்கு உரிமம் கொடுப்பதா, மறுப்பதா? கொடுத்தால் அநீதி தொடரும். மறுத்தால் அக்கழகத்தை நம்பியிருந்த ஆட்டக்காரனும் வேலையிழப்பான். லீக் அதிகாரியின் மேசைக்கு வருவது இத்தகைய சிக்கலே. பரீட்சைத் தாளில் இதற்கு விடை கிடையாது. முதல் மாதப் பாக்கியின்போதே கணக்குக் கேட்டிருந்தால் பன்னிரண்டாம் மாதத்தில் இச்சங்கடம் வந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

இங்கேதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். நம்மவர் அமர்ந்தால் போதுமா?

நம்மவர் அமர வேண்டுமென்ற ஆசையில் குற்றமில்லை. அடைக்கப்பட்ட வாசல் திறக்கப்பட வேண்டும். நமது சமூகம் இந்நாட்டுப் பந்தாட்டத்துக்குக் கால்களை ஏராளமாகக் கொடுத்திருக்கிறது. தனபாலனையும், சந்திரனையும், வலைக்கு முன் நின்று உலகம் மெச்சக் காத்த ஆறுமுகத்தையும் கொடுத்திருக்கிறது. பேனாவைக் கொடுத்தது குறைவே. ஆகையால் நமது பிள்ளைகள் நிர்வாகம் பயில வேண்டுமென்பதை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் திடலோரத்துப் பெரியவர் சொன்னது அதுவன்று. 'நம்மவள் நம்மைப் பார்ப்பாள்' என்றார். அச்சொல்லில் நஞ்சு இருக்கிறது.

தராசு பிடிக்கிறவனே பண்டமும் விற்கலாமா? இந்தியாவிலே இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கிரிக்கெட் வாரியத்தின் தலைவராயிருந்த சென்னை என். சீனிவாசனுடைய கம்பெனியே சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டியையும் நடத்திவந்தது. வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். கோஷ்டிகளில் உடைமை கொள்ளலாமென்று 2008-ம் வருஷத்தில் ஒரு விதி திருத்தப்பட்டிருந்தது. 2015-ம் வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்று தள்ளியது. அப்போது தமிழர்களில் பலர், 'நம் ஊர்க் கோஷ்டிக்கு வடக்கத்தியார் செய்த சூழ்ச்சி' என்று பேசிக்கொண்டதை நாம் நம் காதாற் கேட்டோம். விதி சரியா தவறா என்று கேட்டவர் சிலரே. நம்மவர் என்ற ஒரு சொல் நம் கண்ணை எவ்வளவு எளிதில் மறைத்துவிடுகிறது!

பிறரைக் குறை சொல்லும் நாம் நமது குற்றத்தையும் சொல்லவே வேண்டும். நாம் இளைஞராயிருந்தபோது ஒரு தோட்டத்துப் பந்தாட்டக் கழகத்தில் காரியதரிசியாயிருந்தோம். சம்பள நாளன்று ஒவ்வொருவரிடமும் சந்தா வசூலாகும். பணம் பொக்கிஷதாரரிடம் இருக்கும். அவர் படித்தவர், நல்ல குடும்பத்தவர், நமக்கு நெருங்கிய நண்பர். தீபாவளிப் போட்டி முடிந்ததும், பின்வரிசையில் ஆடும் ஒருவர் எழுந்து, "சட்டை வாங்கியதற்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். அவர் கடைசி லயத்துக்காரர், பால்வெட்டி. கூட்டம் சிரித்தது. "நம்மவரிடமே கணக்குக் கேட்பதா?" என்று பலர் அதட்டினார்கள். நாமும் அதட்டினோம். அவரிடத்தில் கேள்வி கேட்கும் உரிமையே இல்லையென்று நம் மனம் எண்ணிக்கொண்டிருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அடுத்த வாரத்து ஆட்டத்துக்குப் பதினொருவர் பட்டியல் எழுதியபோது அவர் பெயர் அதில் இல்லை. அதை எழுதியது நமது கை. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் காலணிகளைக் கயிற்றிலே கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு அவர் திடலுக்கு வரவேயில்லை. ஒன்றரை வருஷத்தில் கழகமும் கலைந்தது. பணம் எவ்வளவு போயிற்றென்று எவருக்கும் தெரியாது, கணக்கே இல்லையல்லவா?

பொக்கிஷதாரர் திருடினாரென்று நாம் சொல்லவில்லை. அவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். கணக்குக் கேட்பதை அவமதிப்பாக நாம் கருதியதே எல்லாவற்றுக்கும் வேர். நேர்மையானவருக்குக் கணக்குக் காட்டுவது கௌரவம்; நேர்மையற்றவருக்குத்தான் அது தொல்லை. இருவரையும் வேறுபடுத்தும் ஒரே கருவியை நாமே முறித்துப் போட்டோம்.

ஆட்சேபம் ஒன்று எழலாம். 'மற்றவர்களெல்லாம் தத்தம் ஆட்களைத் தூக்கிவிடுகிறார்கள். நம்மவர் மட்டும் நீதி பேசிக்கொண்டிருந்தால் நாம் பின்தங்கிப் போகமாட்டோமா?' என்று கேட்பார்கள். இது வெறும் சுயநலப் பேச்சன்று. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டவரின் வேதனை இதில் இருக்கிறது. மலேசிய இந்தியர் சங்கத்தின் சார்பில் எழுந்த கோஷ்டி, 2019-ம் வருஷத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் மேல் லீகில் ஆடி, 2022-ம் வருஷத்தோடு விலகிக்கொண்டதை நினைத்துப் புண்பட்ட மனங்கள் பல. ஆயினும் நாம் சொல்லும் மறுமொழி இதுவே. வாசல் திறக்கப்பட வேண்டுமென்று நாம் எதைக் காட்டிக் கேட்டோம்? திறமைக்கு இடமுண்டு, பிறப்புக்கு இடமில்லை என்ற நியாயத்தைக் காட்டியன்றோ கேட்டோம்? உள்ளே நுழைந்த மறுநாளே அந்த நியாயத்தைக் கழற்றி எறிந்தால், நமக்குப் பின்னால் வருகிறவனுக்கு எதைக் காட்டுவோம்? நியாயம் எளியவனுக்கு இருக்கும் ஒரே ஆஸ்தி. வலியவன் அதை இழந்தாலும் பிழைப்பான். நாம் இழந்தால் பிழைக்கமாட்டோம்.

இதனால் நாற்காலியில் அமர்பவருக்கு ஒரு துன்பம் உண்டென்பதையும் மறைக்கவில்லை. தம்மவருக்குச் சலுகை காட்டாதவரைத் தம்மவரே துரோகி என்பார்கள். மற்றவர்களோ அப்போதும் முழுதாக நம்பமாட்டார்கள். இருபுறத்தாரும் ஏசும் நடுவிலே நிற்பது எளிதன்று. நாடு போற்றும் பெருமையை அடைந்தவரும் இத்தனிமையை அனுபவித்தே ஆகவேண்டும். அந்தத் தனிமையைக் குறைப்பது அவர் கையில் இல்லை. நமது கையில் இருக்கிறது. 'நமக்கு என்ன செய்தாய்?' என்று கேட்பதை விட்டு, 'எல்லோருக்கும் ஒரே அளவாக அளந்தாயா?' என்று நாம் கேட்கத் தொடங்கினால் அவர் தனியரல்லர்.

ஆகவே உலு திராம் அன்பருக்கு நமது யோசனை இது. மகளைப் படிக்க அனுப்புங்கள். படிப்புக்குப் பணம் செலவாகும். முதல் உத்தியோகம் சிறியதாயிருக்கும். வார முடிவில் ஊரெல்லாம் ஓய்ந்திருக்கும்போது அவள் வேலையிலிருப்பாள். அவள் பெயரைச் சொல்லி எவரும் கைதட்டமாட்டார்கள். இவற்றையெல்லாம் அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டியல் எழுதும்போது, அதில் கடைசிப் பெயருக்குரியவன் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். தராசைப் பிடித்த கையால் பண்டத்தைத் தொடாதிருக்கச் சொல்லுங்கள். ஒருவன் கணக்குக் கேட்டால், அவன் எந்த லயத்தான் என்று பாராமல் நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதற்கு மேல் எந்தக் கல்லூரியும் கற்பிக்கக்கூடியது அதிகமில்லை.

பெரியவருக்கும், அவரைப் போன்று எண்ணும் நம்மனைவருக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய லீகின் நாற்காலி நெடுந்தூரத்தில் இருக்கிறது. நமது தோட்டத்துக் கழகத்தின், கோயில் கமிட்டியின், வாசகசாலையின், சங்கத்தின் நாற்காலி நம் வீட்டெதிரில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே கணக்கு வாசிக்கப்படுகிறதா? வாசிக்கும்போது ஒரு கூலிக்காரர் எழுந்து கேள்வி கேட்டால் நாம் சிரிக்காமல் கேட்டிருப்போமா? சின்ன நாற்காலியை நேராக்கப் பழகாத சமூகத்திலிருந்து பெரிய நாற்காலிக்கு நேரானவர் வருவாரென்று எதிர்பார்ப்பது வீண்.

காலணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போன அந்த மனிதரை நாம் பிறகு சந்திக்கவேயில்லை. சந்தித்தால் சொல்ல நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது: அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. உலு திராமில் அந்தப் பெண் வைத்திருக்கும் நோட்டில், சந்தா கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும், ஒவ்வொரு ரசீதும் ஒட்டப்பட்டிருப்பதை நாம் பார்த்தோம். அந்த நோட்டை அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிக்கும்படி அவளைக் கேட்டுக்கொள்ளுமாறு அவ்வூர் அன்பர்களை வேண்டுகிறோம். முதற் கேள்வியை அவள் தந்தையே கேட்கட்டும்.